உமா பில்டர்ஸின் முதலாளி

எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வருகிற முதலாளிகளில் பாதிப்பேர் யாரோ ஒருவருடைய மனைவிதான். கேலிக்குச் சொல்லவில்லை. போர்ட் பிளேயரில் அரசு வேலையில் இருக்கிற ஆண்களுக்குக் கையில் நாலு காசு சேர்ந்ததும் தொழில் ஆசை வந்துவிடும். (ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்கள். எங்கள் வாய் இன்னும் மாறவில்லை.) அரசு ஊழியர் தொழில் செய்யக் கூடாது என்பது விதி. அதனால் மனை, வாடகைக் கட்டடம், காண்ட்ராக்ட் எல்லாம் மனைவி பெயரில் நடக்கும். போர்டில் அந்த அம்மாளின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அலுவலகத்துக்குள் வந்தால் பேசுகிறவர் கணவர். முதலாளி அம்மா சுவரோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் எழுந்து வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுபடியும் போய் உட்கார்ந்துகொள்வார்.

கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைப்பது என் வேலை. பெயர் அகிலா. கல்யாணமான புதிதில் இங்கே சேர்ந்தேன், என் பெரியவன் இப்போது காலேஜ் போகிறான். குறி போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது. அந்தக் குறிகளின் மேல் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசித்தது உமாக்காவைப் பார்த்த பிறகுதான்.

உமா மகேஸ்வரி, உமா பில்டர்ஸ் என்ற நிறுவனத்தின் ஒரே முதலாளி. ஐந்தடிக்கும் குறைவான உயரம், நெற்றியில் எப்போதும் வேர்வை, பேச ஆரம்பிக்கும் முன் ஒரு பெருமூச்சு. அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண். கல்யாணமான மாதமே கப்பலேறி வந்தவர். "மூணு நாளும் வாந்திதான் அகிலா. இறங்கி நிலத்துல கால வச்சதும் அவரு மொதல்ல கேட்டது, 'ஒனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்ல?'" என்று ஒருமுறை சொன்னார். ரேஷன் கார்டுக்காகக் கேட்டாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கணவர் நந்தகுமார் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சூப்பரிண்டெண்டென்ட் வரை வந்தவர். கெட்டவர் என்றால் எனக்குச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். குடி கிடையாது, சீட்டு கிடையாது, வீட்டில் குரல் உயர்த்த மாட்டார். இடம் வாங்குவது மட்டும்தான் அவருக்குப் பைத்தியம். எங்காவது இரண்டு சென்ட் விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்தால் மனுஷனுக்கு அன்று தூக்கம் வராது. வாங்குவார், ஷீட் போட்டு இரண்டு அறை கட்டுவார், வாடகைக்கு விடுவார், நல்ல விலை வந்தால் விற்பார், அடுத்ததற்குப் போவார். அத்தனைக்கும் கையெழுத்து உமாக்காவுடையது.

எந்த இடத்தை வாங்கினோம், எதை விற்றோம் என்பது உமாக்காவுக்குத் தெரியாது. டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இவர் பெயரில் இருக்கிற வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு பெங்காலிக் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அந்தப் பெண் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஆப் கோன் ஹை தீதி?" என்று கேட்டாளாம். நீங்கள் யார் அக்கா என்று. வீட்டுக்காரி நான்தான் என்று சொல்ல உமாக்காவுக்கு வாய் வரவில்லை. நந்தகுமாரின் பீவி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எனக்குக் கேட்கும்போதே எரிந்தது.

அவர்கள் குடியிருந்தது டெலானிபூர் மேட்டில், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த அரசுக் குவார்ட்டர்ஸில். மகள் சங்கவி பிறந்து, வளர்ந்து, கோயம்புத்தூருக்குக் கல்யாணமாகிப் போனது வரை எல்லாம் அந்த வீட்டில்தான். ஓர் ஆணி அடிக்கவும் யோசிப்பார்கள், காலி செய்யும்போது கேட்பார்கள் என்று. யாரோ நெட்டையான என்ஜினியர் தன் அளவுக்குக் கட்டிய வீடு போலிருக்கிறது, சமையல் மேடை உமாக்காவின் நெஞ்சுக்கு வரும். வந்த வாரமே நந்தகுமார் ஒரு படாக் மரப் பலகை கொண்டுவந்து அடுப்புக்குக் கீழே போட்டார். அன்றிலிருந்து அதன் மேல் ஏறி நின்றுதான் சமையல். பாத்திரம் எடுக்க இறங்க வேண்டும், தாளிக்க ஏற வேண்டும், தண்ணீர் மோக்க இறங்க வேண்டும். முழங்கால் போனதற்கு அந்தப் பலகைதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அதனால்தான் டெய்ரி ஃபார்ம் வீட்டு மாடி. ரிட்டயரானதும் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கே போய்விடுவது என்று ஏற்பாடு. மணலுக்கு அலைந்து, மெயின்லேண்டிலிருந்து சிமெண்ட் வரும்வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார்கள். சமையலறை எழும்பும்போது உமாக்கா ஒரே ஒரு நாள் அங்கே போனார். சுவரோடு ஒட்டி நின்று, தன் இடுப்புக்கு நேராகக் கொத்தனாரைக் கரித்துண்டால் கோடு போடச் சொன்னார். மேடை அந்தக் கோட்டில்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். உமா பில்டர்ஸ் முதலாளியாக அவர் எடுத்த ஒரே முடிவு அதுதான்.

இந்த வருஷம் மே மாதக் கடைசியில் நந்தகுமாருக்கு ரிட்டயர்மெண்ட். போன டிசம்பரிலேயே அவருக்கு வண்டூர் ஆசை வந்துவிட்டது. அந்த ஊர்க் கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தோட்டம் விலைக்கு வந்தது. படகுச் சவாரிக்கு வருகிற டூரிஸ்டுகளுக்குக் காட்டேஜ் கட்டலாம் என்று திட்டம். கூட்டாளி ஜெய்னுதீன் பாய். பஜாரில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், ராமநாதபுரத்துக்காரர், நந்தகுமார் கட்டிய கட்டடங்களுக்கெல்லாம் தரை இவர் கடையிலிருந்துதான் போயிருக்கிறது. பாயின் பெயரில் ஏற்கனவே கடைக் கடன் இருந்ததால் அவரும் தன் மனைவி மஸூதாவின் பெயரைக் கொண்டுவந்தார். இரண்டு ஆண்கள், இரண்டு மனைவிகளின் பெயர். இதை என்ன அமைப்பில் நடத்துவது என்று கேட்கத்தான் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

எங்கள் ஆடிட்டர் கோகுல் மதுரைப் பையன். வயசு முப்பதுக்குள், நல்ல மாதிரி, போர்டில் எழுதி விளக்குவதில் அலாதிப் பிரியம். அன்றைக்கும் எழுதினார். தனி நபர் நிறுவனம், கூட்டு நிறுவனம், எல்.எல்.பி., பிரைவேட் லிமிடெட்.

"இருக்கிற உமா பில்டர்ஸ்லயே நடத்திருவமே. புதுசா எதுக்குச் செலவு?" என்றார் நந்தகுமார்.

"அரே, கம்பெனின்னு போட்டாத்தான் சார் டூரிஸ்ட் பார்ட்டி மதிப்பான்" என்றார் பாய்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. வருவார்கள், டீ குடிப்பார்கள், போவார்கள். பேச்சு பாதி நேரம் அமைப்பைப் பற்றியே இல்லை, என்ன பெயர் வைப்பது என்பதைப் பற்றி. இரண்டு மனைவிகளின் பெயரையும் ஒட்டிப் பார்த்தார்கள், வெட்டிப் பார்த்தார்கள், கடைசியில் இரண்டுமே வேண்டாம் என்று அலைக்கரை என்று வைத்தார்கள். உமாக்கா சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மின்விசிறி அந்த மூலைக்கு எட்டாது. நான் நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னாலும் மாட்டார்.

ஒருநாள் அங்கிருந்தே கேட்டார். "தம்பி, வியாபாரம் படுத்துப் போயி, கடனக் கட்ட முடியலன்னு வைங்க. டெய்ரி ஃபார்ம் வீடு என்னாகும்?"

நந்தகுமார் திரும்பிப் பார்த்தார். மேஜை நாற்காலி பேசியது போல இருந்திருக்கும் அவருக்கு.

கோகுலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கரெக்டான கேள்விக்கா. இப்ப உமா பில்டர்ஸ்னா அது நீங்கதான். அது வாங்குற கடன் நீங்க வாங்குற கடன். வீடு நகை எல்லாத்துலயும் கை வைக்கலாம். சாதாக் கூட்டு போட்டாலும் அதே கததான். கூட இருக்கறவர் பண்ற தப்பும் சேந்து ஒங்க தலைல விழும். எல்.எல்.பி.ன்னா சட்டத்துக்கு அது ஒரு தனி ஆளு மாதிரி. அதுக்குன்னு சொத்து, அதுக்குன்னு கடன். நீங்க அதுல போட்ட பணம் போனாப் போகும். வீட்டுப் பக்கம் யாரும் வர முடியாது. கம்பெனியும் அப்படித்தான், ஆனா வருஷா வருஷம் அதுக்குக் காயித வேலை ஜாஸ்தி."

புருஷன் இல்லாத அந்தத் தனி ஆளை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

"அப்ப அந்த எல்.எல்.பி.யே போட்ருங்க" என்றார் உமாக்கா. ஒரு மாதம் ஆண்கள் இழுத்த விஷயம் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. "பாபி சொன்னா சரிதான்" என்று பாய் சிரித்தார். அவருக்கு உமாக்கா அண்ணி முறை. நந்தகுமாருக்கும் மறுப்பு இல்லை. அன்று உமாக்கா கிளம்பும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எல்.எல்.பி. பதிவுக்கு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். செல்போன் கேமராவைப் பார்த்துப் பெயரைச் சொல்லி, வருகிற ஓ.டி.பி.யைச் சொல்ல வேண்டும். உமாக்கா புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, தன் பெயரைச் சொன்னார். ஓ.டி.பி. வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அவருடைய எல்லாக் காகிதத்திலும் இருப்பது நந்தகுமாரின் நம்பர். உமாக்காவிடம் சின்னதாக ஒரு போன் உண்டு, அந்த நம்பர் மகளைத் தவிர யாருக்கும் தெரியாது. நந்தகுமாருக்குப் போன் போட்டோம். அவர் அலுவலகத்தில் யாரோடோ பேசிக்கொண்டே எண்ணைப் படித்தார், அதை உமாக்கா திருப்பிச் சொன்னார். பென் டிரைவ் மாதிரி வந்த அந்தக் கையெழுத்தையும் நந்தகுமார் வாங்கி ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுக்கொண்டார். இனிமேல் கையெழுத்துக்கு உமாக்காவே தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார், எதற்குக் கெடுப்பானேன்.

ஏப்ரலில் பேங்க் காகிதங்கள் வந்தன. வழக்கம்போல நான் குறி போட்டு வைத்தேன். அந்த மாதம் ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு. டெலானிபூரில் குழாய் என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. உமாக்கா விடியற்காலையிலிருந்து டிரம்மில் நீர் பிடித்துவிட்டு வந்திருந்தார், கைவிரல்கள் ஊறிப்போய் இருந்தன. பேனாவை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். இங்கிலீஷில் இருந்தாலும் டெய்ரி ஃபார்ம் என்பதை அவருக்குப் படிக்கத் தெரியும்.

"இது எதுக்கு தம்பி?"

கோகுல் நந்தகுமாரைப் பார்த்தார். நந்தகுமார் ஜன்னலைப் பார்த்தார். "அது வந்துக்கா, புது நிறுவனத்த மட்டும் நம்பி பேங்க்ல கடன் தரமாட்டாங்க" என்றார் கோகுல். "பார்ட்னருங்க ரெண்டு பேரும் தனிப்பட்ட முறைல ஜாமீன் போடணும். ஏதாச்சும் ஒரு சொத்தையும் எழுதி வைக்கணும். எல்லா எடத்துலயும் அப்படித்தான் கேப்பாங்க."

"வீட்டுப் பக்கம் யாரும் வர முடியாதுன்னு சொன்னீங்களே?"

"அது சட்டம்க்கா. இது பேங்க்."

கோகுல் பொய் சொல்லவில்லை. அன்று போர்டில் எழுதியதும் உண்மை, இன்று சொல்வதும் உண்மை. இரண்டையும் ஒரே நாளில் சொல்லாமல் விட்டதுதான் குறை. அதையும் அவர் வேண்டுமென்று செய்யவில்லை, கடன் வாங்குகிற பேச்சு அன்றைக்கு வரவில்லை. இந்த ஊரில் எத்தனையோ பேர் இப்படித்தான். மாதக் கணக்கில் உட்கார்ந்து சொத்தைச் சுற்றிச் சுவர் கட்டுவார்கள், முதல் கடன் வாங்கும் நாளில் அதில் ஒரு கதவை வைத்துச் சாவியை பேங்கில் கொடுத்துவிடுவார்கள். வழக்கமாக அந்தக் கதவை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் கையெழுத்துப் போடுகிறவர்கள் படிப்பதில்லை.

"சும்மா ஃபார்மாலிட்டி உமா. போடு" என்றார் நந்தகுமார், மெதுவாகத்தான்.

உமாக்கா பேனாவை மூடினார். "நாளைக்குப் போடுறேன். தலை வலிக்குது."

அந்த நாளை வரவில்லை. வண்டூர்த் தோட்டத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, தோட்டக்காரர் தினமும் போன் செய்தார். நந்தகுமார் வீட்டில் கத்தவில்லை. கத்தியிருந்தால் உமாக்காவும் திருப்பிக் கத்தியிருப்பார். சாப்பிடும்போது ஒருமுறை, விளக்கை அணைக்கும்போது ஒருமுறை, "என்ன முடிவு பண்ணின?" என்று கேட்பாராம், அவ்வளவுதான். கோயம்புத்தூரிலிருந்து சங்கவி, "கையெழுத்தப் போட்டுட்டு நிம்மதியா இரும்மா. அப்பா என்ன வீட்ட விட்டா குடுத்துருவாரு?" என்றாளாம். மூட்டு வலி மாத்திரை வாங்க வந்த வழியில் ஒருநாள் என் அருகில் வந்து உட்கார்ந்து, "எனக்குச் சண்ட போடத் தெம்பில்ல அகிலா. சரின்னு சொல்லவும் தெம்பில்ல. நடுவுல கெடக்குறேன்" என்றார். போடாதீங்கக்கா என்று சொல்லத் துடித்தது. ஆடிட்டர் அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவள் அதைச் சொல்லக் கூடாது.

மே மாதம் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நந்தகுமார் கோகுலைக் காகிதங்களோடு குவார்ட்டர்ஸுக்கே வரச் சொன்னார். கோகுல் என்னையும் அழைத்துப் போனார். வீட்டில் பாதிச் சாமான் கட்டியாகிவிட்டது. ஹாலில் ஜெய்னுதீன் பாய் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். உமாக்கா அடுப்படியில் பலகை மேல் நின்று டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"மஸூதா நேத்தே போட்டாச்சு பாபி" என்றார் பாய் உள்ளே பார்த்து. "நம்ம கடைக் கட்டடத்தையே எழுதி வச்சிருக்கோம். டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க."

"அக்கா படிச்சுப் பாத்தாங்களா பாய்?" என்று உள்ளிருந்தே கேட்டார் உமாக்கா.

"அவ எதுக்குப் படிக்கணும்? நான் படிச்சேன்ல."

உமாக்கா டீயைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு, எல்லோரும் ஆச்சரியப்படும்படி, உள்ளே போகாமல் நாற்காலி இழுத்துப் போட்டு மேஜையருகே உட்கார்ந்தார். நான் காகிதத்தை நகர்த்தி வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"என்னங்க, ஒண்ணு கேக்கணும். இத்தன வருஷமும் எல்லாத்தையும் என் பேர்ல எதுக்குப் போட்டீங்க?"

"இதென்ன புதுக் கேள்வி? கவர்மெண்ட் வேலைல இருக்கறவன் தொழில் பண்ணக் கூடாதுல்ல."

"இந்த மாசம் முடிஞ்சா நீங்க கவர்மெண்ட் ஆளு இல்லையே?"

நந்தகுமார் டீயைக் கீழே வைத்தார்.

"பதினஞ்சு நாளு பொறுங்க" என்றார் உமாக்கா. ஒவ்வொரு வார்த்தையும் படியேறுகிற மாதிரி மூச்சு வாங்கி வாங்கி வந்தது. "நான் அதுலருந்து வெலகிக்கிறேன். நீங்க பார்ட்னராச் சேந்துக்கங்க. கையெழுத்து நீங்க போடுங்க, ஜாமீனும் நீங்க போடுங்க. வீட்டுக்குப் பதிலா ஒங்களுக்கு வருதுல்ல ரிட்டயர்மெண்ட் பணம், அத பேங்க்ல எழுதி வைங்க. நான் வேணாம்னே சொல்லல. காட்டேஜ் கட்டுங்க. ஒங்க பேர்ல கட்டுங்க."

பாய் தாடியைத் தடவினார். "டீக் ஹை, பாபி சொல்றதும் சரிதான் சார். பேங்க்காரனுக்கும் டெபாசிட்டுன்னா குஷிதான்."

"நடக்கும் சார்" என்றார் கோகுல். "எல்.எல்.பி. அப்படியே இருக்கும். பார்ட்னர் மட்டும் மாறுவாங்க. அதுக்குன்னுதானே இந்த அமைப்பப் போட்டோம். சின்ன வேலதான்."

எல்லோரும் நந்தகுமாரைப் பார்த்தோம். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை மனை வாங்கி விற்ற மனுஷன், தன் பெயரில் ஒரு கடன் பத்திரத்தில் கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஜாமீன் பக்கத்தைப் படித்தார். ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் படித்தார், மறுபடியும் முதலிலிருந்து படித்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது.

பிறகு கோகுலிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தம்பி, ஒருவேள... தொழில் படுத்துருச்சுன்னு வைங்க. அந்தப் பணத்துல கை வைப்பாங்களா?"

கோகுல் என்னைப் பார்த்தார். அதே கேள்வியை உமாக்கா சுவரோரத்திலிருந்து கேட்டபோது நாங்கள் எல்லோரும் அந்த அறையில் இருந்தோம். பாய் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். எனக்கு அந்த மனுஷன் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பரிதாபமாக இருந்தது, அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது. யாருக்காக வெட்கப்பட்டேன் என்று தெரியவில்லை.

நந்தகுமாருக்கே தான் கேட்டது காதில் விழுந்திருக்க வேண்டும். மனைவியைப் பார்த்து, விளக்கம் சொல்கிறவர் போல, "அது வயசான காலத்துக்குன்னு சேத்த பணம் உமா" என்றார்.

"எனக்கும் வயசாவுதுங்க" என்றார் உமாக்கா.

அவ்வளவுதான் அன்றைய பேச்சு. உமாக்கா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பலகை மேல் அவர் ஏறுகிற சத்தம் கேட்டது. நாங்கள் காகிதங்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்தோம்.

நந்தகுமார் பின்வாங்கிவிட்டதால், வண்டூர்க் காட்டேஜை பாய் தன் மச்சானைச் சேர்த்துக்கொண்டு கட்டப்போகிறார். நந்தகுமார் கொடுத்த முன்பணத்தில் கொஞ்சம் திரும்பி வந்தது, மீதி போனது போனதுதான். மஸூதாக்காவின் கையெழுத்து அப்படியே இருக்கிறது. அவரை இன்று வரை நான் நேரில் பார்த்ததில்லை. டிஜிட்டல் கையெழுத்து வாங்கும்போதும் கடையிலிருந்தே செய்துவிட்டார்கள்.

ஜூனில் மழை பிடித்த ஒரு காலையில் உமாக்கா அலுவலகத்துக்கு வந்தார். தனியாக, ஆட்டோவில், குடையோடு. யாரும் அனுப்பாமல் தன் காரியமாக அவர் வருவது அதுதான் முதல் தடவை. எல்.எல்.பி.யிலிருந்து விலகும் காகிதம் தயாராக இருந்தது. அதோடு உமா பில்டர்ஸையும் மூட வேண்டும் என்றார். கோகுல் முதலில் பதிவில் இருந்த நம்பரை மாற்றிக் கொடுத்தார். கைப்பைக்குள்ளிருந்த அந்தச் சின்ன போன் சத்தம் போட்டபோது உமாக்கா திடுக்கிட்டுப் போனார். கண்ணாடியைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு, ஓ.டி.பி.யை ஒவ்வோர் எண்ணாகப் படித்தார்.

"வீடு மாறியாச்சாக்கா?" என்று கேட்டேன்.

"ஆச்சு. மேடை கரெக்டா இருக்கு. இந்தக் காலுதான் இன்னும் பலகையத் தேடுது. அடுப்புகிட்ட போனா தானா தூக்குது." முழங்காலைத் தடவிக்கொண்டார்.

காகிதங்களை முன்னால் வைத்தேன். அன்றைக்கு நான் பென்சில் குறி போடவில்லை. அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். புரியாத இடத்தில் விரலை வைத்துக் கேட்டார், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வெளியே மழை வலுத்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார், காகிதம் பறக்காமல் இருக்க ஒரு கையால் அழுத்திக்கொண்டார்.

"அண்ணன் பேசுறாராக்கா?" கேட்டிருக்கக் கூடாதுதான். வாயில் வந்துவிட்டது.

"வச்சா சாப்பிடுறாரு. பேச்சில்ல." கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "நானும் யோசிச்சுப் பாத்தேன் அகிலா, முன்னாடி மட்டும் என்ன பேசுனாருன்னு. 'உமா, இங்க ஒரு கையெழுத்துப் போடு'ம்பாரு. போடுவேன். இப்பக் கேக்க ஒண்ணுமில்ல, அதான் பேச்சுமில்ல."

சொல்லிவிட்டு, உமா பில்டர்ஸின் முதலாளியாகத் தன் கடைசிக் கையெழுத்தைப் போட்டார்.